மாப்பிள்ளை கழுத்தில் விழுந்த பெயின்ட் குண்டு

சூளகிரி,
திங்கட்கிழமை காலை.

காவேரிப்பட்டினம் பெருமதிப்பிற்குரிய ............ மாடசாமி அவர்களின் சமூகத்திற்கு,

சூளகிரி வெங்கடப்பன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி நாராயணம்மாளும் மகள் சுசித்ராவும் நலம். அங்கு தாங்களும் அம்மையார் ருக்மணி அவர்களும் தங்கள் மாந்தோப்பும் நலமாக இருக்க வேண்டும். தங்களைச் சம்பந்தி என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் தாம்பூலம் மாற்றுவது வரும் வெள்ளிக்கிழமைதானே. இப்போதே அப்படி எழுதினால் அவசரக்காரன் என்பீர்கள், வெறுமனே ஐயா என்று எழுதினால் இவன் ஏன் விலகிப் போகிறான் என்பீர்கள். ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்தபின் தாங்களே பார்த்து நிரப்பிக்கொள்ளவும்.

முதலில் ஒரு விஷயம். தங்கள் மகன் மணிகண்டன் நன்றாக இருக்கிறார். நேற்று மதியம்கூட என் கண் முன்னால் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டார். ஆனால் வியாழக்கிழமை அவர் ஓசூர் ரூமிலிருந்து வீட்டுக்கு வரும்போது, இடது காதுக்குக் கீழே கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கன்றிப்போன வீக்கம் தெரியும். தாங்கள் பதற வேண்டாம். அம்மையாரைச் சகுனம் பார்க்கவும் விட வேண்டாம். அது நான் சுட்டது.

கடிதத்தைக் கிழித்துவிடாமல் மேலே படிக்கும்படி கெஞ்சிக் கேட்கிறேன். போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை நம்பரை எடுத்தேன், மூன்று தடவையும் ரிங் போவதற்குள் வைத்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் ஒரு பொருள் ரிஜெக்ட் ஆகி வந்தால் ஐந்து தடவை ஏன், ஏன் என்று கேட்டு ரிப்போர்ட் எழுதுவோம். முப்பது வருஷமாக இன்ஸ்பெக்‌ஷனில் அதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் நடந்ததை ஆதியோடந்தமாக எழுதிவிடுகிறேன்.

பெயின்ட்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறதாம். பெயின்ட் நிரப்பிய சின்னச் சின்ன உருண்டைகளைக் காற்றழுத்தத்தில் ஒருவர் மேல் ஒருவர் சுட்டுக்கொள்வது. பட்டவன் அவுட். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்திப்பள்ளி தாண்டி ஒரு மைதானத்தில் இதை ஆடுகிறார் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், "மாமா, நீங்களும் வாங்க" என்று புத்தம்புதிதாக ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார். துப்பாக்கி என்று சொல்லக் கூடாதாம், மார்க்கர் என்று சொல்ல வேண்டுமாம். அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரைத் தவிர வேறு எதையும் பிடிக்காத கை இது. வேண்டாம் என்றால் மாப்பிள்ளை மனசு கோணிவிடுமோ என்று பயந்து வாங்கிக்கொண்டேன்.

அவர் கையால் வந்த முதல் பொருள், பூஜை போடாமல் எப்படி எடுப்பது? கம்பெனியில் ஆயுத பூஜைக்கு அத்தனை மிஷினுக்கும் சந்தனம் வைப்பது நான்தான், வேறு யாரும் வைத்தால் எனக்குத் திருப்தி இருக்காது. அதே மாதிரி மார்க்கருக்கும் மூன்று பட்டை போட்டேன், பூ சுற்றினேன், குழல் வாயில் ஒரு உருண்டை சந்தனத்தை நன்றாக அழுத்தி அதன் மேல் குங்குமம் வைத்தேன். வண்டியாக இருந்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், இதற்குச் சக்கரம் இல்லை, குண்டு போடும் டப்பாவுக்குள் வைத்தேன். நாராயணம்மா கற்பூரம் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது எலுமிச்சம்பழத்தை ஞாபகமாக எடுத்துவிட்டேன். சந்தனத்தை எடுக்கவில்லை, சாமிக்கு வைத்ததை யாராவது சுரண்டுவார்களா?

சுசித்ரா அவள் கம்பெனிப் பெண்களோடு முன்னாலேயே வேனில் போய்விட்டாள். மின்சார ஸ்கூட்டர் கம்பெனியில் லைன் லீடர் அவள், அவளுக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். நான் மார்க்கரை வேட்டியில் சுற்றிக்கொண்டு பெங்களூர் பஸ்ஸில் ஏறினேன். வேட்டி நழுவிக் குழல் வெளியே எட்டிப் பார்த்தது. கண்டக்டர் இரண்டடி பின்னால் போய், "ஏனிது சாமி?" என்று, இது என்னவென்று, கன்னடத்தில் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன், "பெயின்ட் மிஷினுங்க." அவ்வளவுதான், மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தன் வீட்டில் இரண்டு ரூம் இருக்கிறது, யுகாதிக்குள் வந்து அடித்துக் கொடு என்று பிடித்துக்கொண்டார். மறுத்தால் சந்தேகம் வருமே என்று ஒப்புக்கொண்டேன். நேற்று இரவிலிருந்தே விடாமல் போன் செய்கிறார், அது தனிக் கவலை.

மைதானத்தில் பழைய டயர்களை அடுக்கி வைத்து இரண்டு கட்சி பிரித்தார்கள். நானும் மாப்பிள்ளையும் ஒரு கட்சி, எங்களுக்கு மஞ்சள் குண்டு. மங்களகரமான நிறம் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். எதிரில் சுசித்ராவும் அவள் பெண்களும். விசில் ஊதியதும் மாப்பிள்ளை பாய்ந்து முன்னால் ஓடினார், நான் டயருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குலதெய்வத்தை நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினேன். டொப் டொப்பென்று என்னவோ உடைந்தது, முகமூடி முழுக்க ஒரே மஞ்சள், எதுவும் தெரியலை, அதே நேரத்துல முன்னாடியிருந்து "ஐயோ அம்மா!"ன்னு ஒரு சத்தம். முகமூடியைக் கழட்டக் கூடாதுன்னு ரெஃபரி கத்தறார், நான் விரலால தொடைச்சுப் பார்க்கறேன், மாப்பிள்ளை கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உட்கார்ந்திருக்கார், பச்சைப் பெயின்ட் காலர் வழியா ஒழுகுது. அடப் பாவி, பொண்ணைக் கட்டிக்கப் போறவனைச் சொந்தக் கட்சியிலேயே நின்னு சுட்டுட்டியேன்னு என் மனசு என்னைப் பிடுங்கித் தின்னுது. "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை"ன்னு ஓடினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் சுசித்ரா பக்கம் பார்த்தார், "பரவாயில்லைங்க மாமா, எனக்கு இது வேணும்"னு மட்டும் சொன்னார். என்ன பெருந்தன்மை பாருங்கள்.

சந்தனத்தில் உரசிக் குண்டு வளைந்து போயிருக்க வேண்டும் என்பதுதான் என் ரிப்போர்ட்டின் முடிவு. தவறு முழுக்க என்னுடையது. பெண்ணை வேண்டுமானால் நூறு கேள்வி கேளுங்கள், கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பெண் பார்க்க வந்த அன்று, கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போக வேண்டாம் என்று தாங்கள் சொன்னதும் நான் தலையாட்டியதும் ஞாபகம் இருக்கும். சுசித்ரா அப்போது காபி எடுக்க உள்ளே போயிருந்தாள். அதை அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் ஆட்டிய தலை ஆட்டியதுதான். எப்படியாவது பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மையாருக்கு என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவர் கழுத்துக்கு இரட்டிப்பு ஆசீர்வாதம். இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாளை அந்தச் சந்திரசூடேஸ்வரர் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்,
வெங்கடப்பன்.

பின்குறிப்பு: கவர் ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் சுசித்ரா இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். உடனே மார்க்கரைக் கொண்டுவந்து குழலைக் கழற்றி என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே சந்தனம் கல்லாக இறுகியிருந்தது.

"இதுல இருந்து எதுப்பா வெளிய வரும்? உன் குண்டெல்லாம் உள்ளயே உடைஞ்சு உன் மூஞ்சியிலதான் அடிச்சிருக்கு. அவரு கழுத்துல இருந்தது என்னா கலர்?"

"பச்சை."

"பச்சை யாருது?"

முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன், கலரைப் பார்க்கவில்லை.

"ஆட்டத்துக்கு முன்னாடி டீ குடிக்கறப்ப அவரு சொன்னாரு. 'எங்கப்பா உன்னை வேலைய விடச் சொல்லிட்டாரு, உங்கப்பாவும் சரின்னுட்டாரு'ன்னு. ரெண்டு பேரையும் சுடணும்னுதான் இருந்தேன். நீ பெயின்ட்ல மூழ்கிக் கெடந்தே, பாவம்னு விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது பேரை நடத்துகிற மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் யாரைக் கேட்டுத் தலையாட்டினேன்? பிரியாணி சாப்பிடும்போது மாப்பிள்ளையே அவளிடம், "வேலைய விட வேணாம், அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம். அவர் பேசுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன். மேலே கேட்ட மன்னிப்பு அத்தனையும் வாபஸ். தலையாட்டியதும் வாபஸ். பெண்ணை நூறு கேள்வி கேட்கலாம் என்று எழுதியதையும் அடித்துப் படிக்கவும்.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு அவசியம் வந்துவிடுங்கள், சம்பந்தி. காலி இடத்தை நானே நிரப்பிவிட்டேன். வேலை விஷயத்தைச் சபையில் மறுபடி எடுக்க வேண்டாம். சுசித்ராவுக்குக் குறி தப்புவதில்லை, நானும் என் குழலைக் கழுவி மாடியில் காயவைத்திருக்கிறேன்.