வேணாம் அண்ணனும் சிவப்புப் பட்டனும்

கப்பலூரில் வேணாம் அண்ணன் ஒரே தடவையில் ஒப்புக்கொண்ட பொருள் என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை. நூல் மில்லில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், வயது எழுபத்திரண்டு. வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் விளக்கு, ஃபேன் போடவும், ஆபத்தில் வீட்டாரைப் போனில் கூப்பிடவும் சுவரில் மாட்டும் கருவி ஒன்றை எங்கள் சின்னக் கம்பெனியில் செய்துகொண்டிருந்தோம். அதைச் சோதித்துச் சொல்ல வருவார். நான் வடிவமைத்ததற்கெல்லாம் அவர் சொன்ன ஒரே வார்த்தைதான் அவருக்குப் பெயராக நிலைத்தது.

அவர் சோதிக்கிற முறையே தனி. கண்ணாடியைக் கழற்றுவார். காதில் பஞ்சு வைப்பார். விரலில் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு என் தொடுதிரையைத் தேய்ப்பார். திரை மக்கர் பண்ணும்.

“வேணாம் தம்பி. அடுப்படியில நிக்கிறவ கையைக் கழுவிட்டு வந்துதான் அமுக்குவாளா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரையைத் தூக்கிவிட்டு, பெரிய சிவப்புப் பட்டன் வைத்துச் சுவரில் நெஞ்சு உயரத்தில் மாட்டினேன். அதைப் பார்த்தவர் ஆபீஸ் நடுவே மல்லாந்து படுத்துவிட்டார். டீ கொண்டுவந்த அக்கா அலறினார்.

“பதறாத தாயி. விழுந்து கெடக்கேன். தம்பி, இப்ப எனக்கு எட்டுமா? சொல்லு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“போன வருசம் எங்க வீட்டுக்காரி காலையில விழுந்தவ. நான் மத்தியானம் வாரேன், அப்படியே கெடக்கா. போன் மேசை மேல. எட்டல.”

அதன்பிறகு நான் அவரிடம் வாதாடியதில்லை. பட்டனை முழங்காலுக்குக் கீழே இறக்கி, முதல் கருவியை அவர் வீட்டிலேயே மாட்டினோம். அவர் மனைவி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டதோடு சரி. ஒருநாள் தலைசுற்றிச் சுவரோரம் சாய்ந்தபோதும் தொடவில்லை.

“பட்டன் மேல அவசரம்னு எழுதியிருக்கு. எனக்கென்ன அம்புட்டு அவசரம்? அவுக வேலையில இருப்பாக” என்றாராம்.

மறுபடி விழுந்தாலும் கூப்பிடமாட்டாள் என்றார் அண்ணன். படித்த எனக்கு வழி தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

“அந்த எழுத்தை எடு தம்பி. ‘ஏங்க’ன்னு போடு. நாப்பத்தஞ்சு வருசமா என்னைய அப்படித்தான் கூப்பிடுறா.”

போட்டோம். மூன்றாம் நாள் ஆபீஸில் அவர் போன் அடித்தது. வீட்டுக் கருவியிலிருந்து வந்த அழைப்பு. எல்லாரும் எழுந்து நின்றோம்.

“என்னாச்சு, விழுந்துட்டியா?”

“இல்லங்க. சும்மாதான். எப்ப வாரீக?”

மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாயங்காலம்வரை பொறுக்காமல் அவரை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழி நெடுக, “பள்ளத்துல விடாத, இப்படியா பிரேக் பிடிப்பாக?” என்று திட்டிக்கொண்டே வந்தார். அந்த அம்மா கூப்பிடும்போதெல்லாம் பதில் சொல்ல இந்த மனிதர் நூறு வயது இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.