பந்தி வக்கீல் தந்த வரிவிலக்கு

நியூஜெர்சியில் மான் உண்டு, நரி உண்டு, ராத்திரி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகும் ரக்கூன் உண்டு. இவற்றையெல்லாம் படம் போட்டு விளக்க அரசாங்கத்தில் ஒரு இலாகா இருக்கிறது. அந்த இலாகாவின் கண்ணில் படாத ஒரு ஜீவராசியை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். பந்தி வக்கீல் என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். சட்டம் படித்ததில்லை. கோர்ட்டுக்குப் போனதில்லை, போன ஒரே தடவையும் ஸ்பீடிங் டிக்கெட்டுக்காக. ஆனால் கையில் ஒரு பேப்பர் தட்டும் அதில் இரண்டு சமோசாவும் வந்துவிட்டால், கிரீன் கார்டிலிருந்து கிட்னி ஆபரேஷன் வரை உலகத்தில் உள்ள எந்த விவகாரத்தையும், தட்டில் ஊற்றிய சட்னி காய்வதற்குள் தீர்த்துக் கொடுத்துவிடும்.

அமெரிக்கா முழுக்க இந்த இனம் பரவியிருக்கிறது. ஊருக்கு ஊர் இரை மட்டும் மாறும். சன்னிவேல் வகை, கம்பெனி கொடுத்த பங்குகளை எப்போது விற்க வேண்டும் என்று சொல்லும். டெக்ஸாஸில் இர்விங் வகை, ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் காலையில் உங்கள் கூரையை அண்ணாந்து பார்த்து, இன்ஷூரன்ஸ்காரன் எவ்வளவு தருவான் என்று சொல்லும். நியூஜெர்சியில் எங்கள் பிஸ்கட்டவே வகைதான் ரொம்பக் கனமானது. இங்கே பாதிப் பேர் மருந்துக் கம்பெனியிலும் மீதிப் பேர் சாஃப்ட்வேரிலும் இருப்பதால், மருத்துவம், சட்டம், வரி மூன்றையும் ஒரே வாயில் போட்டு மெல்லும்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். படித்த வக்கீல் பதிலுக்கு உங்களைத்தான் குடைவார். யார், எப்போது, எந்த ஊர், என்ன உறவு, கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டுக்கொண்டே போவார். கேட்டதற்கும் சேர்த்துக் காசு வாங்குவார். பந்தி வக்கீல் ஒரு கேள்வி கேட்க மாட்டார். நீங்கள் பாதி சொல்லும்போதே அவர் தலை ஆடத் தொடங்கிவிடும். முக்கால் சொல்வதற்குள் தீர்ப்பு. அதுவும் எப்போதும் உங்களுக்குச் சாதகமாகவே வரும். பின்னே? பாதகமான தீர்ப்பைச் சொல்பவருக்கு யார் ஓடிப்போய் இன்னொரு சமோசா எடுத்துவந்து வைப்பார்கள்?

எங்கள் வட்டாரத்தில் இந்த இனத்தின் அசல் மாதிரி நஞ்சுண்டன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நல்ல மனுஷர், யாருக்கும் மனதால் கெடுதல் நினைக்காதவர். ஒரு பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அங்கே ஒரு பட்டன் சரியாக வேலை செய்கிறது என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு வாரம் வேண்டும். வெளியே வந்தால் சோதனை கிடையாது, தீர்ப்பு மட்டும்தான். அவருடைய சட்ட நூலகம் முழுவதும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஆதாரம் கேட்டால், "நம்ம ஃப்ரெண்டு ஒருத்தருக்கு இதே கேஸுங்க" என்பார். அந்த ஃப்ரெண்டை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பாவம், அந்த மனிதருக்கு வராத நோட்டீஸ் இல்லை, நடக்காத விபத்து இல்லை. ஆனால் அத்தனையிலும் ஜெயித்திருக்கிறார்.

இத்தனைக்கும் நஞ்சுண்டன் தன் வீட்டு வரியைத் தானே போடுவதில்லை. ஆடிட்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, காசு கொடுத்து, உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறார். உயிலையும் ஒரு வெள்ளைக்கார வக்கீலிடம்தான் எழுதினார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "நம்முளுது கொஞ்சம் காம்ப்ளிகேட்டடுங்க" என்றார். அடுத்தவர் விவகாரம் எப்போதுமே சிம்பிள்தான்.

இந்தச் சிம்பிளில் வந்து மாட்டியவர் வசந்தாமணி அக்கா.

அக்காவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். கணவர் காலமாகிவிட்டார், குழந்தை இல்லை. இடுப்பு வலி என்று போனவருக்கு டாக்டர்கள் செயற்கை மூட்டு வைத்தார்கள். அந்த மூட்டு உள்ளுக்குள்ளேயே தேய்ந்து, உலோகத் துகள் ரத்தத்தில் கலந்துவிட்டது. மூட்டைத் தயாரித்த கம்பெனிக்கு இப்படி ஆகும் என்று முன்பே தெரியும், தெரிந்தே விற்றிருக்கிறார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கம்பெனி, தன்மேல் தவறே இல்லை என்று சொல்லிக்கொண்டே இழப்பீடு கொடுத்தது. அக்காவால் அதற்குப் பிறகு படியேறவே முடியவில்லை. வந்த பணத்தைப் போட்டு, பிஸ்கட்டவேயில் வாசலில்கூடப் படி இல்லாத ஒரு சின்ன வீட்டை வாங்கினார். தங்கையின் மகள் வான்மதி சன்னிவேலில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருந்துகொண்டாள். குளிக்க வைத்தது, சாப்பாடு கொடுத்தது, ஆஸ்பத்திரிக்கு காரில் கூட்டிக்கொண்டு அலைந்தது எல்லாம் அவள்தான். தனக்குப் பிறகு அந்த வீடு அவளுக்குச் சேதாரமில்லாமல் போய்ச் சேர வேண்டும். அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை அது.

ஒரு வளைகாப்பில் நஞ்சுண்டனைப் பார்த்ததும் அக்கா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். நான் வடைக்காக நின்றிருந்தேன். அதனால் இந்த வழக்கை முழுக்கக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது.

"ஏனுங் தம்பி, ஒரு சந்தேகமுங்க. எனக்கப்புறம் இந்த வூடு பொண்ணுக்குப் போறப்ப டாக்ஸு ஏதாச்சும் வருங்ளா? கேஸுல வந்த காசுல வாங்குனதுங்க அது."

நஞ்சுண்டன் தலை ஆடத் தொடங்கியது.

"யாருங்க உங்கள பயமுறுத்துனது? பொண்ணுக்குத்தான போகுது? நியூஜெர்சில பொண்ணுன்னா கிளாஸ் ஏ. ஒரு சென்ட் டாக்ஸ் கிடையாதுங்க்கா."

"எதுக்கும் ஒரு வக்கீலப் பாத்துப்போடலாம்னு வான்மதி சொல்லுது..."

"எதுக்குங்க்கா தண்டம் அழறீங்க? உயிலெல்லாம் இப்ப ஆன்லைன்லயே போட்டுக்கலாம். அதுவுமில்லாம உங்களுது மெடிக்கல் கேஸ் காம்பன்சேஷன். அதுக்குன்னே இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ் ரிலீஃப் பாஸ் பண்ணீட்டாங்க. போன வாரந்தான் நியூஸ் வந்துச்சு. இருங்க, இப்பவே ஃபார்வர்டு பண்றேன்."

சரியாக அந்த நேரத்தில் வான்மதி வந்து, "பெரியம்மா, சாப்பாடு இங்கயே எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

பெரியம்மா! கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று, தெளிவாக, கணீரென்று கேட்டாள். ஆனால் வாய் திறந்திருக்கும் நேரத்தில் இந்த இனத்துக்குக் காது அடைத்துக்கொள்ளும். நஞ்சுண்டன் போனைத் தடவிக்கொண்டே தீர்ப்பை வாசித்து முடித்தார்.

"ஒண்ணுக்கு ரெண்டு பூட்டு போட்டாச்சு. நிம்மதியா இருங்க்கா. நான் சொல்றேன்ல?"

அக்கா நிம்மதியாகத்தான் இருந்தார். அதன் பிறகு வான்மதி எப்போது வக்கீல் பேச்சை எடுத்தாலும், "அதான் நஞ்சுண்டன் தம்பி சொல்லிப்போட்டாரே கண்ணு" என்று வாயை அடைத்துவிடுவார். அந்த நிம்மதியோடு சில வருஷம் போயிற்று. போன குளிர்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வான்மதி ஒரு வக்கீலிடம் போனாள். பெயர் லக்சனா, யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"நீங்கள் அவவுக்கு மகளோ, பெறாமகளோ?"

வான்மதிக்கு அந்த வார்த்தை புரியவில்லை. லக்சனா சிரித்துக்கொண்டே விளக்கினாள். "கூடப்பிறந்த தங்கச்சியின்ர பிள்ளையை எங்கட ஆக்கள் பெறாமகள் எண்டுதான் சொல்லுவினம். மகள்தான், ஆனால் அவ பெறேல்லை."

என்ன அருமையான வார்த்தை பாருங்கள்! எங்கள் பக்கத்தில் அது கிடையாது. தங்கச்சி பெண்ணும் எங்களுக்குப் பொண்ணுதான். யாராவது கேட்டால் "எம் பொண்ணு" என்றுதான் சொல்வோம். 'தங்கச்சி பொண்ணு' என்று பிரித்துச் சொன்னால் அந்தப் பிள்ளை முகம் வாடிவிடுமே என்று நினைப்போம். நியூஜெர்சி வரித்துறைக்கு இந்த நாசூக்கு எல்லாம் தெரியாது. பெற்ற பெண்ணுக்கு வரி இல்லை. தங்கை பெண்ணும், எதிர்வீட்டுக்காரரும், முன்பின் தெரியாத வழிப்போக்கரும் அதற்கு ஒரே வகுப்பு, கடைசி வகுப்பு. நூற்றுக்குப் பதினைந்து எடுத்து வை என்கிறது.

"ஆனா மெடிக்கல் கேஸ் காசுக்கு ரிலீஃப் இருக்குன்னாங்களே?" என்று வான்மதி, நஞ்சுண்டன் அனுப்பியிருந்ததைக் காட்டினாள். லக்சனா அதைக் கீழே தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

"இது இங்கிலாந்துச் சட்டமெல்லே? அங்க பழுதான ரத்தம் ஏத்தின ஆக்களுக்குக் குடுத்த சலுகை. இஞ்ச செல்லாது."

செய்தியின் நடுவில் லண்டன் பாராளுமன்றத்தின் படம்கூட இருந்தது. நஞ்சுண்டன் தலைப்போடு நின்றுவிட்டார். அவ்வளவு தூரம் விரலை நகர்த்த அவருக்கு நேரம் ஏது, இன்னொரு கையில் தட்டு இருந்ததே! இங்கே எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்காவது, ஒரு மனுஷியின் ரத்தத்தைக் கெடுத்ததற்குக் கொடுத்த காசில் மறுபடி கைவைப்பது அசிங்கம் என்று தோன்றியிருக்கிறது. இங்கே அக்காவின் இடுப்பு போனதற்கு வந்த காசிலும் பங்கு உண்டாம். அந்த இடுப்பு வலித்தபோது பங்கு கேட்டு எந்த இலாகாவும் வரவில்லை.

கடைசியாக லக்சனா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். "அவ உயிரோட இருக்கேக்க வந்திருந்தால் வழி இருந்தது. இஞ்ச வளந்த ஆக்களையும் தத்தெடுக்கலாம். அவ உங்களைத் தத்தெடுத்திருந்தால் நீங்கள் சட்டப்படி மகள். வரியே வந்திராது."

இத்தனை வருஷமாகத் தமிழில் பொண்ணாக இருந்தவள், ஒரு தடவை கோர்ட்டுக்குப் போய் இங்கிலீஷிலும் பொண்ணாகியிருந்தால் போதும். அதைச் சொல்ல ஒரு கேள்வி தேவைப்பட்டது. "என்ன உறவுங்க?" என்று நஞ்சுண்டன் வளைகாப்பில் கேட்டிருந்தால், அக்கா "தங்கச்சி பொண்ணுங்க" என்று சொல்லியிருப்பார். வடை வாங்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சொத்து முழுக்க வீடாக நிற்கிறது. வரியைக் காசாகக் கட்டச் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டவளிடம் காசு எங்கே இருக்கும்? வீட்டை விற்பது என்று முடிவாயிற்று.

விஷயம் பரவி, நஞ்சுண்டன் தன் மனைவியோடு வீடு தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு வருவார் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

"ஏம்மா, அக்கா பொண்ணுன்னுதான சொன்னாங்க? எல்லாரும் பொண்ணுன்னுதான சொன்னீங்க? தங்கச்சி பொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அப்பவே வேற மாதிரி சொல்லியிருப்பனே? தப்பு நம்ம மேல இல்ல பாரு."

"நான் பொண்ணுதான் அங்கிள்" என்றாள் வான்மதி. குரலை உயர்த்தவில்லை. "அவங்க பொய் சொல்லல."

நஞ்சுண்டனின் மனைவி அவர் கையில் காப்பியைத் திணித்து, "மொதல்ல இதக் குடிங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்தக் காப்பியோடு அடங்கியிருப்பார்கள். இந்த இனத்துக்குக் கடவுள் அப்படி ஒரு உறுப்பை வைக்கவில்லை. இரண்டு வாய் குடித்தார். தொண்டை நனைந்ததும் தலை ஆடத் தொடங்கியது.

"சரி உடும்மா, ஆனது ஆச்சு. இப்ப வூட்ட விக்கறப்ப கேப்பிடல் கெயின் டாக்ஸ் வரும்னு யாராச்சும் பயமுறுத்துவாங்க, நம்பாத. அக்கா போன அன்னிக்கு வூடு என்ன வெலையோ அதான் கணக்கு. உடனே வித்தா ஒண்ணும் வராது. நான் சொல்றேன்ல?"

வான்மதி மறுநாள் லக்சனாவிடம் கேட்டாள். கொடுமை என்ன தெரியுமா? இந்தத் தடவை அவர் சொன்னது சரி.

அவ்வளவுதான். செத்த பிராக்டீஸ் உயிர்த்து எழுந்துவிட்டது. வீடு கைமாறி, வான்மதி ஏதோ ஒரு அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடிக்குக் குடிபோய்விட்டாள். போன மாதம் ஒரு அரங்கேற்ற விருந்தில் நஞ்சுண்டனைச் சுற்றி நல்ல கூட்டம். "நம்ம வசந்தாமணி அக்கா பொண்ணு கேஸுல பாருங்க, நாந்தான் டாக்ஸு மிச்சம் பண்ணிக் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஃப்ரெண்டு ஜெயித்த வழக்குகளின் வரிசையில் வான்மதியும் சேர்ந்துவிட்டாள். செயற்கை மூட்டு வைத்த அப்பாவைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, "அங்கிள், ஒரு சந்தேகம்" என்று தொடங்கினாள்.

நஞ்சுண்டன் இருக்கட்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, 'அடடா, ஒரு டிரஸ்ட் போட்டிருந்தால் தீர்ந்ததே' என்று உங்கள் நாக்கு துடித்ததா? 'டெக்ஸாஸுக்குக் குடிபோயிருந்தால் இந்த வரியே கிடையாதே' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னீர்களா? சரியாகவே இருக்கலாம். தயவுசெய்து வான்மதிக்குப் போன் போடாதீர்கள். அக்கா போன பிறகு இதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் கூப்பிட்டாயிற்று. உங்களை நான் எதுவும் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை எங்காவது விருந்துக்குப் போவீர்கள். வலியோடு நடந்து வந்து ஒருவர் உங்களையும் நம்பி ஏதாவது கேட்பார். அவருக்காக, யாரும் இல்லாதபோது இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்: "எனக்குத் தெரியாதுங்க."

என்ன, வரவில்லையா?