நிக்கனோரின் கத்தி உட்கார மறுத்தது

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பெரிய சிரிப்பு. ஆனால் இப்போது கொடுப்பதாக இல்லை, கெஞ்சினாலும் கிடையாது. அதற்கு முன்னால் நிக்கனோர் எப்படி உட்காருவார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் உட்காருவது புரிய வேண்டுமானால் அவர் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

நிற்பதில் அவரை அடித்துக்கொள்ள லா பெர்டிஸ் ஊரில் ஆள் கிடையாது. குதிரையிலிருந்து இறங்குவார். இரண்டு காலையும் அகட்டுவார். வயிற்றை முன்னால் அனுப்புவார். வயிறு முன்னே, கத்தி பின்னே, நடுவில் நிக்கனோர். சிவப்புத் துணிக்கச்சை, அதன்மேல் நான்கு விரல் அகலத் தோல்பட்டை, இரண்டுக்கும் நடுவே முதுகுப்பக்கம் குறுக்காகச் செருகிய உறை. பிடி வலது கைப்பக்கம், கூர் மேலே பார்க்க. ஒரு சாண் இரும்பு, வெள்ளிப் பூண் போட்ட பிடி. மாட்டுத்தோல் உரிக்க, வார் அறுக்க, சுட்ட இறைச்சியைப் பல்லால் கவ்வி உதட்டோரமாகச் சீவித் தின்ன, தின்ற பிறகு பல் குத்த, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அந்தப் புல்வெளி ஊர்களில் ஓர் ஆண்பிள்ளை கால்சட்டை இல்லாமல் வெளியே வந்தால்கூட ஏதோ அவசரம் என்று விட்டுவிடுவார்கள். இடுப்பில் கத்தி இல்லாமல் வந்தால், வீட்டில் யார் செத்தது என்று கேட்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மாதா கோயில் குலுக்கலில் ஒரு நாற்காலி விழுந்தது.

சீட்டு வாங்கியவள் அவர் மனைவி டெல்மிரா. முட்டை விற்ற காசு. சீட்டில் தன் பெயரை எழுதியவர் நிக்கனோர். சாமியார் உரக்கப் படித்தது பெயரைத்தான். பச்சை வெல்வெட், ஆள் உயரத்துக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் கொழுத்த கைகள், உட்கார்ந்தால் பெருமூச்சு விடும் சுருள்கம்பி. வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பங்கரை ஜன்னலோரம் போட்டார்கள். நிக்கனோர் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

விடியுமுன்னே நான்கு மாடு கறந்து, அடுப்பு மூட்டி, கோழிக்குப் போட்டு, கிணற்றுக்கு ஏழு நடை நடந்து, முட்டி இரண்டும் பூசணி மாதிரி வீங்கிய டெல்மிரா அன்று மத்தியானம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கிழவா, சாப்பிட்டப்புறம் ஒரு மணி நேரம் மட்டும் நான் உக்காந்துக்கறேனே. முட்டி விண்ணு விண்ணுங்குது."

நிக்கனோர் பதில் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, மீசைக்குள்ளிருந்து, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போல. நாற்காலி என்பது வீட்டுத் தலைவனுக்கு உரியது. இன்றைக்கு மனைவி உட்காருவாள், நாளைக்குக் கோழி உட்காரும், அப்புறம் குடும்பம் என்று ஒன்று எதற்கு. "உனக்குத்தான் முக்காலி இருக்கே, கிழவி."

இருந்தது. பால் கறக்கும்போது போட்டுக்கொள்கிற முக்காலி. முதுகு சாய எதுவும் கிடையாது, தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரம். டெல்மிரா அதைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் திரும்பினாள். அவள் பேசாமல் போனால் தான் ஜெயித்துவிட்டதாக நிக்கனோர் எடுத்துக்கொள்வார். முப்பது வருஷமாக அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்.

ஒரே ஒரு தொந்தரவு. முதுகில் கத்தியோடு சாய்ந்தால் சாய்மானம் கத்தியைத் தள்ளியது, கத்தி முதுகெலும்பைத் தள்ளியது. அவர் அதிகம் யோசிக்கவில்லை. எழுந்தார், பட்டையிலிருந்து கத்தியை உருவினார், வாசற்கதவுப் பக்கம் ஆணியில் மாட்டினார், திரும்பி வந்து விழுந்தார். சுருள்கம்பி பெருமூச்சு விட்டது. அவரும் விட்டார். டெல்மிரா சுரைக்குடுவையில் மாத்தே இலைக் கஷாயம் ஊற்றி ஊற்றிக் கொடுக்க, உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் மூன்று நாள் அப்படியே கிடந்தார். தென்பக்க வேலி சாய்ந்தது. அவரும் சாய்ந்திருந்தார்.

நான்காம் நாள் டெல்மிரா மாவு வாங்கக் கடைக்குப் போய்வந்தாள். வந்தவள் முகத்தை ஈரத்துணி போல வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று பத்துத் தடவை சொன்னாள். பதினொன்றாவது தடவை நிக்கனோரால் தாங்க முடியவில்லை.

"கடையில கசிமிரோ நின்னாரு," என்றாள்.

அந்தப் பெயர் போதும். கசிமிரோ நிக்கனோரின் பரம எதிரி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குதிரைப் பந்தயத்தில் நீதான் முந்திக் கிளம்பினாய் என்று இவர் அவரைச் சொல்ல, அவர் இவரைச் சொல்ல, அன்றோடு பேச்சு நின்றது. குதிரையேறி மாடு மேய்ப்பவனை அந்தப் பக்கம் கௌச்சோ என்பார்கள்; இருவரில் அசல் கௌச்சோ யார் என்ற வழக்கு மட்டும் நிற்கவில்லை.

கசிமிரோ என்ன சொன்னார் என்பதை டெல்மிரா அவர் குரலிலேயே சொன்னாள். மூக்கால் பேசுவார் அவர், பாதி வாக்கியத்தில் ஒரு தடவை காறிக்கொள்வார். இரண்டையும் பிசகாமல் செய்தாள். "நிக்கனோரு கத்தியைக் கழட்டி... க்ர்ர்... ஆணியில மாட்டிட்டானாமே. மெத்து நாற்காலி வந்துருச்சு, இனி மீசையையும் கழட்டி மாட்டுவான்." தான் மட்டும் வீட்டுக்குள்ளும் கத்தியை இறக்குவதே இல்லை என்றும், சாப்பிடும்போதும் ஜெபத்தின்போதும் அது முதுகில்தான் என்றும், குளிக்கும்போதுகூடத் தொட்டியின் விளிம்பில் கைக்கெட்டுமாறு வைப்பதாகவும் கசிமிரோ சொன்னாராம்.

நிக்கனோர் எழுந்தார். ஆணியிலிருந்து கத்தியை எடுத்தார். சட்டியும் பானையும் சாட்சியாகச் சபதம் போட்டார். இனி இந்தக் கத்தி விழித்திருக்கும் நேரத்தில் என் இடுப்பை விட்டு இறங்காது. நாற்காலியையும் நான் விடமாட்டேன்.

சபதத்தின் முதல் பாதி நின்றால் நடந்தது. இரண்டாம் பாதி உட்கார்ந்தால்தான் நடக்கும். இரண்டையும் சேர்த்தபோது அவர் நாற்காலியின் நுனியில், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி, வெல்வெட்டில் முதுகு படாமல் இரண்டு மணி நேரம் இருந்தார். வசதியாக இருக்கிறதா என்று டெல்மிரா கேட்டாள். ரொம்ப வசதி என்றார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

மறுநாள் புதுவழி கண்டுபிடித்தார். கத்தியை முன்பக்கம் செருகினால் முதுகுக்கு விடுதலை. செருகினார். சாய்ந்தார். சொர்க்கம். மாத்தே குடிக்கக் குனிந்தார். வயிறு மடங்கிக் கத்தியின் பிடியை மேலே அனுப்ப, அது நெஞ்சுக்குழியில் ஓர் இடி இடித்தது. ஒரு வாய் உறிஞ்சினால் ஒரு "ஹக்". இன்னொரு வாய், இன்னொரு "ஹக்". கெண்டி தீரும்வரை அடுப்பங்கரையில் தவளைக் கச்சேரி. சாயங்காலம் டெல்மிரா உப்பு வாங்கப் போனாள். கசிமிரோ அன்றும் கடையில் நின்றாராம். "முன்னாடி செருகிருக்கானா? அது கத்தியில்ல... க்ர்ர்... தொப்பை சரியாம முட்டுக் கொடுத்த கம்பு."

கத்தி முன்பக்கத்திலிருந்து ராஜினாமா செய்தது.

அடுத்து இடதுபக்கம். தோல்வாரில் கட்டி, நேராகத் தொங்கவிட்டார். நடக்கும்போது அழகாக ஆடியது. உட்கார்ந்தபோது உறையின் நுனி மெத்தையில் ஊன்றிக்கொண்டு, பிடி அக்குளுக்குள் ஏறி, பட்டை கச்சை கால்சட்டை மூன்றையும் கூடவே தூக்கிக்கொண்டு போனது. பரவாயில்லை, மூச்சை அடக்கி இருந்துவிடலாம் என்று அவர் தீர்மானித்த நேரத்தில் வெளியே ரொட்டி வண்டிக்காரரின் மணி அடித்தது. நிக்கனோர் எழுந்தார். உறை, நாற்காலியின் கைக்கும் மெத்தைக்கும் நடுவிலிருந்த சந்தில் மாட்டியிருந்தது அவருக்குத் தெரியாது. அவர் எழுந்தபோது நாற்காலியும் எழுந்தது. வாசல்வரை இருவரும் சேர்ந்தே போனார்கள். கதவுதான் நிறுத்தியது. ரொட்டி வண்டிக்காரர் தொப்பியை எடுத்து, முதலில் நிக்கனோருக்கும் பிறகு நாற்காலிக்கும் வணக்கம் வைத்தார்.

இதற்குக் கசிமிரோ என்ன சொன்னார் என்பதை டெல்மிரா சொல்லவே மறுத்துவிட்டாள். அதுதான் அவரை மிகவும் வாட்டியது.

பிறகு பூட்சுக்குள் வைத்துப் பார்த்தார். பிப்ரவரியில், அந்த ஊர்க் கோடை வெயிலில், துணிச்செருப்பு போட வேண்டிய காலத்தில், அடுப்புப் பக்கத்தில் முழங்கால்வரை பூட்ஸ். கால் வெந்தது. கழுத்தில் தொங்கவிட்டார். டெல்மிரா தொழுவத்துப் பக்கம் பார்த்து, மணி கட்டிய மாட்டைக் கூப்பிடுவதுபோல "ஹோய்" என்று மட்டும் கூப்பிட்டாள். அதையும் கழற்றினார்.

பத்தாவது நாள் அவர் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், கத்தியைத் திரும்ப முதுகுக்கே கொண்டுவந்து, அடுப்பங்கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மாத்தேயை நடந்தபடியே குடித்தார். கெண்டியோடு டெல்மிரா பின்னாலேயே நடந்தாள். நான்கு சுற்று ஆனதும், தலை சுற்றுகிறது, நீ எங்கேயாவது ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் குடுவையை நிரப்பிவிடுவேன் என்றாள். கைக்கு எட்டியது முக்காலிதான். காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

நிக்கனோர் உட்கார்ந்தார்.

முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கத்தி காற்றில் படுத்திருந்தது. எலும்பைத் தொடவில்லை, வயிற்றை இடிக்கவில்லை, எந்தச் சந்திலும் மாட்டவில்லை. குனிந்தார், நிமிர்ந்தார், வலது கையைப் பின்னால் கொண்டுபோனார், பிடி தானாகக் கைக்குள் வந்தது. அவர் முகத்தில் மெல்ல ஓர் அறிவு உதித்தது. மாடு கன்று போடுவதுபோல, முதலில் கால், அப்புறம் தலை.

"கிழவி," என்றார். "கத்தி மேல தப்பே இல்ல. தப்பு நாற்காலி மேல. அது கத்தி கட்டுறவனுக்குச் செஞ்சதே இல்ல."

டெல்மிரா பதறிப்போனாள். அப்படிச் சொல்லாதே, அழகான நாற்காலி, இன்னும் ஒரு வாரம் முயற்சி பண்ணு, வலதுபக்கம் ஒன்று பாக்கியிருக்கிறதே என்றாள். அவள் தடுக்கத் தடுக்க அவருக்கு உறுதி ஏறியது. பட்டணத்து எழுத்தர்களும் பல்வைத்தியர்களும் உட்காரும் சாமான் அது என்றார். பெண்பிள்ளைகள் வேண்டுமானால் உட்காரலாம் என்றார்.

"நானா? அய்யய்யோ, வேணாம்பா. வீட்டுத் தலைவன் உக்கார்ற எடம்."

"உக்காருன்னா உக்காரு. இந்த வீட்டுல நான் சொல்றதுதான்."

கணவன் சொல்லைத் தட்டக்கூடாதே என்று டெல்மிரா உட்கார்ந்தாள். சுருள்கம்பி பெருமூச்சு விட்டது. காலை நீட்டினாள். அவளுக்காக நிக்கனோரே முட்டிக்கு அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்தார், வீக்கத்துக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று.

அதன்பின் மூன்று வாரம் அந்த வீட்டில் சண்டையே இல்லை.

நான்காவது வாரம் பெரிய பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். சுற்றுவட்டாரத்து ஆண்கள் எல்லாரும் போக வேண்டும். கன்றை மடக்கிப் பிடிக்க ஜோடி சேர்த்தபோது, பண்ணை மேஸ்திரிக்குப் பழைய பகை ஞாபகம் இல்லையோ, நன்றாக ஞாபகம் இருந்ததோ, நிக்கனோருடன் கசிமிரோவைச் சேர்த்துவிட்டார். காலையெல்லாம் இருவரும் கன்றுகளிடம் மட்டும் பேசினார்கள். மத்தியானம் இறைச்சி வெந்ததும் ஒரே நெருப்பைச் சுற்றி நிற்க வேண்டியதாயிற்று. கசிமிரோ ஒரு விலாத்துண்டைப் பல்லில் கவ்வி, உதட்டோரமாகச் சீவினார். நிக்கனோரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

வீட்டுக்குள்ளேயும் கத்தியை இறக்குவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாயாமே, நானும் இறக்கவில்லை, ஒரு மாதமாகச் சாப்பாட்டிலும் ஜெபத்திலும் முதுகில்தான் என்றார்.

கசிமிரோ மென்றார். விழுங்கினார். காறினார்.

"வீட்டுக்குள்ளயுமா? எதுக்குய்யா? முதுகு போயிடாதா? நான் கதவைத் தாண்டுறதுக்கு முன்னாடியே ஆணியில மாட்டிருவேன். எங்கப்பனும் மாட்டுனாரு. ஊரே மாட்டுது."

நிக்கனோர் சிரித்துவிட்டார். நேருக்கு நேர் நின்று கேட்டதும் பயல் பின்வாங்குகிறான். தொப்பைக்கு முட்டுக்கம்பு என்று சொன்னாயே, அதையும் மறுப்பாயா என்றார். நான் எப்போது சொன்னேன் என்று கசிமிரோ விழித்தார். சத்தியம்கூடப் பண்ணினார். வெட்கம்கெட்ட புளுகு என்று நிக்கனோர் முடிவுகட்டினார். அசல் கௌச்சோ யார் என்ற வழக்கு இன்றோடு தீர்ந்தது. குதிரையைத் தட்டிவிட்டு, வழியெல்லாம் கசிமிரோவின் மூக்குக் குரலைப் பழகிக்கொண்டே வீட்டுக்கு வந்தார், டெல்மிராவுக்குச் செய்துகாட்ட.

டெல்மிரா நாற்காலியில் இருந்தாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு, கத்தியைச் சரிசெய்து உட்கார்ந்து, காறிக்கொண்டு ஆரம்பித்தார். "நான் எப்பய்யா... க்ர்ர்... சொன்னேன்..." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் முன்னால் சரிந்தாள். அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு புது மெத்தை இருப்பதைப் பார்த்தார். கம்பளிநூல் தையல். ஓரமெல்லாம் நெருக்கமாகக் கார்னேஷன் பூ, நடுவில் கொட்டை எழுத்தில் டெல்மிரா.

"நல்லா இருக்கே," என்றார். "எப்ப முடிச்ச?"

"இன்னிக்குத்தான்."

நிக்கனோர் மெத்தையைக் கையில் வாங்கிப் பூக்களை எண்ணினார். தோல்வேலை தெரிந்த கை, ஒரு தையலுக்கு எவ்வளவு நேரம் என்று அதற்குத் தெரியும். நாற்காலி உன்னிடம் வந்தே மூன்று வாரம்தானே ஆகிறது, இது ஐந்து வார வேலை ஆயிற்றே என்றார்.

"அஞ்சுதான். நீ மொதமொதல்ல கத்தியைக் கழட்டி மாட்டுனல்ல, அன்னிக்கு நூல் கோத்தேன்."

நிக்கனோர் மெத்தையைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். விரலை மடக்கினார், ஒவ்வொன்றாக, ஐந்தும் மடங்கும்வரை.

"அப்ப கசிமிரோ கடையில..."

டெல்மிரா மெத்தையை அவர் கையிலிருந்து வாங்கி முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டு சாய்ந்தாள்.

"நான் அவரைப் பாத்தே மூணு வருஷம் ஆச்சு, கிழவா. நல்லா இருக்காரா?"