ஜன்னலுக்கு வந்த மாலை

எதையும் சட்டென்று முடிவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் சட்டைத்துணி எடுக்கப் போனாலே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் காத்திருப்பார். அப்படிப்பட்ட என்னிடம் பாகூர் வீட்டின் ஜன்னல்களை மாற்றும் பொறுப்பை ஒப்படைத்தார் அம்மா. (வேறு ஆண்பிள்ளை இல்லாத குறை.)

தங்கை செல்வியைப் பெண் பார்க்க மடுகரையிலிருந்து வருவதாக இருந்தார்கள். போட்டோவிலேயே அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. முன்பக்க ஜன்னல்களோ கரையான் தின்று, தொட்டால் உதிர்ந்தன. தேக்கு விலை கேட்டதும் தலை சுற்றியது. வேம்பு முறுக்கிக்கொள்ளும் என்றார் ஆசாரி. பனித்திட்டில் நண்பன் வீட்டு இரும்பு ஜன்னல் உப்புக்காற்றில் துருவேறியிருந்ததைப் பார்த்து, இரும்பும் வேண்டாமென்று ஓடிவந்தேன். (அவன் வீடு கடலோரம், எங்களுடையது ஏரியோரம் என்பது உறைக்கவில்லை.) அலுமினியம் மலிவு, ஆனால் வீடு கடை மாதிரி ஆகிவிடும். யூபிவிசி பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார். வில்லியனூருக்கும் கடலூருக்கும் பைக்கில் மாறி மாறி அலைந்தேன். உட்கார்ந்தால் எழுந்து சுவரை அளந்தேன். பழையதைப் பெயர்த்துவிட்டால் முடிவு தானாக வந்துவிடும் என்று ஒருநாள் எல்லாவற்றையும் பெயர்த்தேன். முடிவு வரவில்லை. மடுகரைக்காரர்கள் வரும் நாள்தான் வந்தது.

ஓட்டைகளை மறைக்க, பேனர் கட்டும் நண்பனிடம் பழைய பிளக்ஸ் வாங்கினேன். அச்சடித்த பக்கம் உள்ளேயா வெளியேயா? விருந்தாளிகள் உட்காரப்போவது கூடத்தில். அதனால் வெள்ளைப் பக்கத்தை உள்ளே வைத்து, ஜன்னலைவிட நீளமாக இருந்ததால் கீழே பெயரும் ஊரும் இருந்த பகுதியை மடித்து இறுக்கிக் கட்டினேன். வாழ்க்கையில் நான் உறுதியாக எடுத்த முதல் முடிவு அது.

செல்வி பட்டுப்புடவையில் காத்திருந்தாள். சொன்ன நேரம் தாண்டியது. வேன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து என் கால்தான் தேய்ந்தது. கடைசியில் பையனின் அப்பா மட்டும் கையில் பெரிய மாலையோடு, முகம் தொங்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனச தேத்திக்கோ தம்பி. பூவும் பழமும் இருக்குதேன்னு வேனைத் தெருமுனையிலயே திருப்பிட்டேன். பெரியவர் உங்களுக்கு இன்னா உறவு?"

திரும்பிப் பார்த்தேன். முன்ஜன்னல் முழுக்க 'கண்ணீர் அஞ்சலி'. மீசை வைத்த பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டிலிருந்து தெருவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருன்னே தெரியலீங்க" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

நல்ல காரியத்துக்கு வந்தவர்களைச் சாவு பேனர் வரவேற்றிருக்கிறது, இனி இந்தச் சம்பந்தம் எங்கே நிற்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே பேனரை அவிழ்க்கப் போனேன். அதற்குள் செல்வியே வாசலுக்கு வந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"எங்க வூட்ல யாரும் சாவலீங்க மாமா. இன்னா ஜன்னல் போடறதுன்னு எங்க அண்ணனுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அவர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கிறது. தோள் குலுங்கச் சிரித்தார். சாவுக்கு வாங்கிய மாலையை வேனில் ஏற்ற முடியாதே என்று அதை அந்தப் பெரியவருக்கே சாத்தினார். பிறகு வேனை வரச்சொல்லி போன் செய்தார்.

கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே செல்வி கடைக்குப் போய், டீ ஆறுவதற்குள் யூபிவிசி ஜன்னலுக்கு முன்பணம் கட்டிவிட்டாள். (இன்னும் மஞ்சளாகவில்லை.) இப்போதும் ஒரு ஃபேன் வாங்க நான் இரண்டு கடை ஏறி இறங்கினால் போதும், மடுகரையிலிருந்து மாப்பிள்ளையின் போன் வந்துவிடும்.

"மச்சான், மாலை வாங்கினு வரட்டா?"