ஜன்னலைத் திறந்தால் கடல்

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்டிங்... ஒன்... டூ... த்ரீ!"

குரல் ஓட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. கோபமான வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று கண்ணாடிக்கு எதிரே சிரித்துச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்த யாமினியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"யம்மா! இன்னாம்மா இது?"

அறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை மறைத்து ஒரு நீலப் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள் வள்ளியம்மாள். வாயில் கவ்வியிருந்த ஊக்கை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"பின்னாடித் தெரு பக்கிரி பேத்திக்குக் காது குத்துறாங்களாம்டி. மைக் செட்டு வச்சிருக்காங்க."

"இன்னிக்கா? இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு இன்டர்வியூ!"

"அத எங்கிட்டச் சொன்னா? நமக்குப் பத்திரிகையா வச்சான், நாள மாத்தச் சொல்றதுக்கு?"

உண்மைதான். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் வந்த தகராறில் யாமினியின் அப்பா குழந்தைவேலும் பக்கிரியும் பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது. கொல்லைப்புறமும் கொல்லைப்புறமும் ஒட்டிய வீடுகள். ஆனாலும் அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று இந்த வீட்டில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வேலை பெங்களூர் கம்பெனி ஒன்றில். வீட்டிலிருந்தபடியே தமிழ் வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும். சந்தடியில்லாத அறை கட்டாயம் என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். செல்போன் டவர் ஒழுங்காக எடுக்காத ஊர் என்பதால், பாகூரிலிருந்து ஆளை வரவழைத்து வைஃபை போட்டுக் கொடுத்திருந்தார் குழந்தைவேல். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். இந்த வேலையும் கிடைக்காவிட்டால், நெட்டப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் யாமினி மறுபேச்சில்லாமல் வந்து நிற்க வேண்டும். அந்த மாப்பிள்ளை போட்டோவிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"யப்பா! அந்த மைக்க நிறுத்தச் சொல்லுப்பா!"

"அவங்கிட்டப் போயி நானு கெஞ்சறதா?" குழந்தைவேல் மீசையைத் தடவினார். "ஆனா மைக் செட்டு மாரிமுத்து நம்ம ஆளு. ஸ்பீக்கர் குழாய வேற பக்கம் திருப்பச் சொல்றேன்."

மாரிமுத்து நம்ம ஆள்தான். உடனே ஏணி போட்டு ஏறினார். யாமினி வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த குழாயைப் பக்கிரியின் மாட்டுக்கொட்டகைப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினார். சத்தம் பாதியாகக் குறைந்தது.

யாமினி மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டினாள். திரையில் சுரேஷ்குமார் தோன்றினார். சீனியர் மேனேஜர். கழுத்தில் டை, முதுகுக்குப் பின்னால் உயர உயரமான கண்ணாடிக் கட்டடங்கள்.

"குட் மார்னிங் யாமினி. நான் பெங்களூர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். தமிழ்லயே பேசலாம். கொஞ்சம் சத்தமா இருக்கோ? சாரி."

தெருவில் பாடிய அதே பாட்டு ஹெட்போனுக்குள்ளும் பாடிக்கொண்டிருந்தது. நம் சத்தம்தான் அவர் காதுக்குப் போய் எக்கோவாகத் திரும்பி வருகிறது, அதைத்தான் மனிதர் நாசூக்காகச் சொல்கிறார் என்று யாமினி நினைத்துக்கொண்டாள்.

"சாரி சார், எங்க சைடுதான் சார்."

"இல்ல இல்ல, எங்க சைடாத்தான் இருக்கும்."

இப்படியும் ஒரு மேனேஜரா என்று அவளுக்கு மனசு நெகிழ்ந்தது.

"பாண்டிச்சேரில நீங்க எங்க இருக்கீங்க?"

இந்தக் கேள்விக்குத் தோழி ப்ரீத்தி ஏற்கெனவே தயார் செய்திருந்தாள். 'கிராமம்னு மட்டும் சொல்லிடாதடி, கழிச்சுக் கட்டிடுவாங்க' என்று சொல்லி, விண்ணப்பத்தில் தன் வீட்டு டவுன் முகவரியையே போடச் சொல்லியிருந்தாள்.

"டவுன்ல சார். பீச்சுக்குப் பக்கத்துலயே. ஜன்னலத் தொறந்தா கடல் சார்."

"ம்ம்ம்மா!" என்றது ஜன்னல்.

யாமினி ஓரக்கண்ணால் பார்த்தாள். கம்பிகளுக்கு நடுவே ஈர மூக்கோடு ஒரு மாட்டு முகம். பக்கிரியின் மாடு. திரும்பிய குழாய் நேராக அதன் காதுக்குள் பாடியதில், கயிற்றை அறுத்துக்கொண்டு வேலி தாண்டி வந்திருந்தது.

"என்ன சத்தம் அது?"

"க... கப்பல் சார்."

"கப்பலா?"

"ஆமா சார். தொறமுகத்துக்கு வருது சார்."

கதவோரம் காவல் நின்ற வள்ளியம்மாள் துடைப்பத்தோடு கொல்லைக்கு ஓடினாள். சத்தம் போடாமல் மாட்டை விரட்டிக்கொண்டு போனாள். பக்கிரி வீட்டார் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்ற பதற்றத்தில் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அதைக் கொட்டகைக்குள் தள்ளினாள். வாசலின் மூங்கில் படலை வெளியிலிருந்து இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து, 'முடிஞ்சிது' என்று மகளுக்குக் கட்டைவிரலைக் காட்டினாள்.

அந்த நொடியில் ஹெட்போனுக்குள், முன்னைவிடப் பல மடங்கு பெரிதாக, "ம்ம்ம்ம்மா!"

காது அடைத்துப்போயிற்று. திரையில் பெங்களூர் கட்டடங்கள் ஒரு ஆட்டம் ஆடி நின்றன. சுரேஷ்குமார் காணாமல்போய், மூக்குக் கண்ணாடி கோணிக்கொண்டு திரும்ப வந்தார்.

'எங்கம்மா ஓட்டின?' என்று கண்ணாலேயே அம்மாவை எரித்துவிட்டு, யாமினி முந்திக்கொண்டாள். "சாரி சார். இன்னொரு கப்பல்."

"கப்பல்தான்! ஆமா, கப்பல்தான்!" அவர் முகத்தில் ஏனோ அப்படி ஒரு நிம்மதி. "பெரிய கப்பல் போலருக்கு. நாம மேல போவோம்."

அதற்குள் பாட்டு நின்று, மாரிமுத்துவின் குரல் எழுந்தது. "குழந்தையின் தகப்பனார் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது."

சுரேஷ்குமார் டையைத் தளர்த்தினார். நெற்றியைத் துடைத்தார். சத்தத்தில் மனிதருக்கு எரிச்சல் வந்துவிட்டது என்று நினைத்து யாமினி அவசரமாகச் சொன்னாள்.

"அது எதிர் வூட்டு டி.வி. சார்... எதிர் வீட்டு."

"தெரியுது, தெரியுது. அடுத்த கேள்வி." அவர் கேமராவுக்கு வெகு அருகே வந்தார். "பயங்கரக் கோபத்துல ஒருத்தங்க. உங்களையே தேடிக்கிட்டு இருக்காங்க. தப்பும் உங்க மேலதான். என்ன பண்ணுவீங்க?"

காலையிலிருந்து உருப்போட்ட கேள்வி! யாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல மன்னிப்புக் கேப்பேன் சார். காரணம் எதும் சொல்லமாட்டேன். அவங்க பேசி முடிக்கற வரைக்கும் குறுக்கப் பேசமாட்டேன்."

"குறுக்கப் பேசக்கூடாது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அவர். "சரி, அப்படியும் கோபம் தணியலன்னா?"

"நீங்க சொல்றது ரொம்ப நியாயம்னு சொல்லுவேன் சார். அவங்க திட்டற வேகம் தானாக் குறையும்."

"அருமை!" என்றார் அவர், உள்ளம் உருகி. இதுவரை அவளை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மைக் ஒரு பெண்ணின் கைக்குப் போய்விட்டது.

"எங்கதான் பூட்டாரு இந்த மனுசன்? கொழந்த மொட்ட போட்டுக்கினு அழுவுது! யார் கண்ணுலனா பட்டா இழுத்துக்கினு வாங்க!"

மாரிமுத்து தன் பங்குக்குச் சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டார். ஓடுகள் அதிர்ந்தன. நீலப் புடவையின் ஒரு முனை அவிழ்ந்து ஒரு நெல் மூட்டை எட்டிப் பார்த்தது. யாமினி தலையை நகர்த்தி மூட்டையை மறைத்தபடி, மேசைக்குக் கீழே கையைக் கொண்டுபோய், அப்பாவைப் பார்த்துக் கத்தரிப்பதுபோல் இரண்டு விரலை ஆட்டினாள்.

குழந்தைவேல் புரிந்துகொண்டார். மகளுக்காக எதையும் செய்யும் முகத்தோடு வேட்டியை மடித்துக் கட்டினார். பல வருடங்களுக்குப் பிறகு பக்கிரி வீட்டுக் கொல்லைக்குள் கால் வைத்தார். சுவரில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினார்.

ஊரே அமைதியானது. காக்கை கரைவது கேட்டது.

கூடவே சுரேஷ்குமாரும் நின்றுபோனார். வாய் திறந்தபடி, ஒரு கை மேலே தூக்கியபடி அப்படியே உறைந்தார். பிறகு திரை கறுத்தது.

"சார்? சார்! கேக்குதா சார்?"

கறுத்த திரையைத் தட்டிப் பார்த்தாள்.

குழந்தைவேல் கட்டையை மடியில் செருகிக்கொண்டு வெற்றியோடு உள்ளே வந்தார். "இப்ப பேசும்மா. ஊசி வுழுந்தாக் கேக்கும்."

"யார்கிட்டப்பா பேசறது? சத்தம் தாங்காம அவரே கட் பண்ணிட்டுப் பூட்டாரு!" யாமினி ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். "அருமைன்னு சொன்னாருப்பா... வாயத் தொறந்து சொன்னாரு..."

அழ ஆரம்பித்துவிட்டாள். வள்ளியம்மாள் புடவையை அவிழ்க்கத் தொடங்கினாள். மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"நெட்டப்பாக்கத்துக்கு வேணா..." என்று இழுத்தார் குழந்தைவேல்.

"அந்தக் கொட்டாவிக்கா?" யாமினியின் அழுகை இன்னும் பெரிதானது. "வேணாம்மா, சும்மா கேட்டேன்," என்று அவரே பின்வாங்கினார்.

அப்போது, காதுகுத்துக்குப் போயிருந்த எதிர் வீட்டு ஆரோக்கியசெல்வி, தாம்பூலப் பையை ஆட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"யக்கா, அங்க நடக்கற கூத்து தெரியுமா? எவனோ பியூஸ் கட்டைய புடுங்கினு பூட்டான்!"

குழந்தைவேல் மடியைக் கையால் மூடிக்கொண்டார்.

"அத வுடு. கொழந்தையோட அப்பனத் தேடினாங்க இல்ல? மாட்டுக்கொட்டாயில கெடச்சாரு! எவளோ படல வெளிய கட்டிட்டாளாம், மாட்டோட உள்ள மாட்டிக்கினாரு. பொண்டாட்டி திட்டறா திட்டறா, மனுசன் குறுக்க ஒரு வார்த்த பேசலியே! நீ சொல்றது ரொம்ப நியாயம்னு சொல்லிக்கினே நிக்கறாரு."

யாமினியின் அழுகை சட்டென்று நின்றது.

"கொட்டாயில இன்னாடி பண்ணாரு?" என்றாள் வள்ளியம்மாள்.

"பெங்களூரு கம்பெனியில லீவு குடுக்கலயாம், ஒளிஞ்சி உக்காந்து யாரோ ஒரு பொண்ணுக்கு இன்டர்வியூ எடுத்துக்கினு இருந்தாராம், கரண்டு பூடவே நெட்டும் பூடுச்சாம், 'பாவம், நல்லாப் பேசிச்சி, காத்துக்கினு இருக்கும், நெட்டு இருக்கற வூடாக் காட்டுங்க'ன்னாரு, நாந்தான் உங்க வூட்டக் காட்டினேன், தோ வாசல்ல செருப்பு கழட்டிக்கினு இருக்காரு!"