விலகுவதற்கு ஒரு பாடத்திட்டம்

இருபத்திரண்டு வருஷம் சாக்பீஸ் தூளைச் சுவாசித்த பிறகு, கணக்கு டீச்சருக்கு வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. அவருடைய அக்கா ஒரு தையல் கடை வைத்திருந்தாள். அளவு எடுத்துத் துணி வெட்ட நம்பகமான ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க தலையில கணக்கு ஏறுதோ இல்லையோ, உன் கையில துணி ஒழுங்கா வெட்டுப்படும்டி. ஒண்ணாம் தேதி வந்துடு. வரலேன்னா வேற ஆள் போட்டுடுவேன். தங்கச்சின்னெல்லாம் பார்க்க மாட்டேன்."

டீச்சர் கடவுளை வேண்டிக்கொண்டு, ஒரே வரியில் விலகல் கடிதம் எழுதி, கல்வி அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்.

அதிகாரி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் காலியாக இருந்ததில் அவருக்கு ரொம்ப மனவருத்தம்.

"என்னம்மா, மொட்டையா ஒரு வரி? பாடத்திட்டம் எங்கே?"

"இனிமே பாடமே நடத்தப் போறதில்லைன்னுதான் சார் எழுதியிருக்கேன்."

"அதுக்கும் திட்டம் வேணும். நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு. திட்டமில்லாம ஆசிரியர் எதையும் செய்யக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. வெளியே போறதும் ஒரு செயல்தானேம்மா?"

எதையும் அரைகுறையாகச் செய்து டீச்சருக்குப் பழக்கமில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. மூன்று நாள் உட்கார்ந்து பதினாலு பக்கம் எழுதினார். நோக்கம்: ஆசிரியர் பள்ளியை விட்டு வெளியேறும் திறன் பெறுதல். துணைக்கருவி: வாசற்கதவு. மதிப்பீடு: திங்கட்கிழமை காலை வகுப்பறையில் ஆசிரியர் இல்லாதிருப்பதை உற்றுநோக்குதல். கலர் பென்சிலில் படமும் போட்டிருந்தார்.

படித்த அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு அருமையா எழுதுறவங்களை எப்படிம்மா வெளியே விடுறது?"

"அப்போ சுமாரா ஒண்ணு எழுதிக் கொண்டு வரட்டுமா சார்?"

"சுமாரான ஆளை வெளியே விட்டா நம்ம துறையைப் பத்தி ஊர் என்ன நினைக்கும்?"

நியாயம்தான் என்று டீச்சருக்கே பட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அப்படி.

ஒரு வாரத்தில் ஆணை வந்தது. விலக விரும்பும் அனைவருக்கும் விலகல் பயிற்சி கட்டாயம். மேற்படியாரின் ஒப்பற்ற திட்டத்தை முன்னிட்டு மேற்படியாரே பயிற்சியாளர். தேறியவர் மட்டுமே விலகலாம். பயிற்சியாளரின் விலகலுக்கு, பயிற்சி முடிந்ததும் அதிகாரி கையெழுத்திடுவார்.

மாதக் கடைசியில் பரீட்சை. நாற்பது பேர் எழுதினார்கள். டீச்சர் ஒருவரையும் தேற விடவில்லை.

"நோக்கம் தெளிவா இல்லையே?" என்றார் ஒரு அறிவியல் வாத்தியாரிடம்.

"இங்கேருந்து ஓடறதுதாங்க என் நோக்கமே!"

"அதை முழு வாக்கியத்துல எழுதணும் சார்."

மிச்சமிருந்த கடைசித் தாள் அதிகாரியுடையது. அவர் கூச்சத்தோடு மேஜையருகே வந்து நின்றார்.

"தேனீ வளர்க்கணும்னு ரொம்ப நாளா ஆசைம்மா. தேற விட்டீங்கன்னா இன்னிக்கே கிளம்பிடுவேன்."

"அப்போ என் கையெழுத்து?"

"முதல்ல உங்களுக்குப் போட்டா, நீங்க பயிற்சியாளர் இல்ல. நீங்க போடுற மார்க் செல்லாது."

"முதல்ல நான் மார்க் போட்டா, நீங்க அதிகாரி இல்ல. கையெழுத்து செல்லாது."

இருவரும் சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தார்கள். வழியே இல்லை. டீச்சர் அவர் தாளில் "நல்ல முயற்சி, மீண்டும் எழுதவும்" என்று எழுதினார். அதிகாரி இவர் கடிதத்தில் "பரிசீலனையில்" என்று எழுதினார். டீச்சர் அக்காவுக்கு ஃபோன் போட்டார்.

"நான் வர முடியாது போலிருக்குக்கா."

"எனக்குத் தெரியும்டி உன் சாமர்த்தியம். பக்கத்து ஊர் டிராயிங் மாஸ்டர் ஒருத்தர் வந்து வேலை கேட்டுட்டுப் போனார். அவரையே வெச்சுக்கிறேன். மூணு மாசம் முன்னாடி ஒரு நாள் காலையில பள்ளிக்கூடத்துக்குப் போகாம இருந்துட்டாராம். கடிதாசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ்வளவுதானாம்!"

டீச்சர் ஃபோனை வைத்துவிட்டு அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி பதறிப்போய் அந்த மாஸ்டர் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் தெளிந்தது.

"யாரோ சும்மா புரளி கிளப்பியிருக்காங்கம்மா. மூணு மாசமா ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷன். இந்த வருஷ நல்லாசிரியர் விருதுக்கு அவர் பேரைத்தான் அனுப்பியிருக்கேன்."