சீர்வரிசை அல்ல, கண்காட்சி

பழவேற்காடு
23-2-1984

மதராஸ் மண்ணடியில் இருக்கும் மச்சான் மக்பூல் அவர்களுக்கு, பழவேற்காட்டிலிருந்து முகம்மது இஸ்மாயில் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் நானும் வீட்டுக் கூரையும் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏழு மாதமாக அங்கிருந்து யாரும் அதை மறுத்து எழுதவில்லை.

முதலில் முக்கியமான செய்தி. சென்ற மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை, இந்த வீட்டில் இனி இரண்டு ஆழாக்கு அரிசிக்குப் பதிலாக ஒரு ஆழாக்கு மட்டுமே வடிப்பது என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. கொண்டுவந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். பஞ்சாயத்து ஆபீஸில் முப்பது வருஷம் தீர்மானப் புத்தகம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு அமைதியாக ஒரு தீர்மானம் நிறைவேறி நான் பார்த்ததில்லை. விவாதம் இல்லை, வெளிநடப்பு இல்லை, டீ கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் அக்காள் கரீமா கண் ஆபரேஷனுக்காக உங்கள் வீட்டுக்கு வந்தது ஜூலையில். கட்டு அவிழ்த்தது ஆகஸ்டில். அதன் பிறகும் நான் பழக்கத்தில் இரண்டு ஆழாக்கு வடித்து, பாதியைச் சாப்பிட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலை அதையும் நானே சாப்பிட்டு வந்தேன். இது நிர்வாகச் சீர்கேடு. அதைத்தான் சரி செய்திருக்கிறேன்.

அவள் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துப் பதில் எழுதவும் வேண்டாம். பஸ் ஏறும்போது அவள் சொன்னதை, அழைத்துப்போக வந்த நீங்களும் கேட்டீர்கள். "பிள்ளைங்க துபாய்க்குப் போனதுலேர்ந்து இவரு புத்தகத்தோட சாப்பிடறாரு, நான் செவுத்தோட சாப்பிடறேன்" என்று சொன்னாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். கையிலிருந்த புத்தகத்தில் அத்தியாயம் முடிய இன்னும் இரண்டு பக்கம் இருந்தது.

இரண்டாவது செய்தி அவ்வளவு முக்கியமில்லை. எனக்குக் கல்யாணம் இல்லை. நான் இன்னொரு நிக்காஹ் செய்துகொள்ளப் போகிறேன் என்றோ, செய்துகொண்டேன் என்றோ, பெண் மதராஸ் என்றோ, வயது இருபத்தெட்டு என்றோ யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம். வயது மட்டும் சரி. மற்றபடி இங்கே நடந்தது ஒரு கண்காட்சி. அது எப்படிக் கல்யாணமாயிற்று என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பரீதா என்று ஒரு பெண், மதராஸில் ஓவியம் படித்தவள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முழுக்க வந்து வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்து கவிதை எழுதியிருக்கிறாள். பிறகு அந்தக் கவிதைகளுக்காகக் கையாலேயே புத்தகங்கள் செய்திருக்கிறாள். அவளோடு படித்த வரதன் என்ற தம்பி அதே கவிதைகளுக்காக மண்ணில் பாத்திரங்கள் செய்து சூளையில் சுட்டிருக்கிறான். கவிதை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரிலேயே அவற்றைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. பஞ்சாயத்துக் கட்டடத்தில் உரமூட்டை அடுக்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரோ, பெரிய கூடம், ஒரே ஆள் என்று சொல்லி என் வீட்டுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். நான் சரி என்றேன். கூடத்தில் எதிரொலி ஒன்றுதான் குடியிருந்தது, அது ஆட்சேபிக்கவில்லை.

நான் படிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் அக்காள் சொல்லியிருப்பாள். புத்தகம் என்றதும் ஆசையோடு முதல் பெட்டியை நானே பிரித்தேன். முதல் புத்தகத்தின் பக்கங்கள் கிழிந்த மீன்வலையால் ஆனவை. ஒரு பக்கத்து ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து எழுத்து தெரியும், அது வழியாக அதற்கடுத்தது, கடைசியில் தரை தெரியும். இரண்டாவது புத்தகத்தை ஏரித்தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். உப்பு தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. மூன்றாவது நாலு பக்கமும் தைத்து மூடியது. இதை எப்படியம்மா படிப்பது என்று கேட்டேன். "படிக்க முடியலைங்கறதுதான் அங்கிள் அந்தக் கவிதை" என்றாள். தைக்காமலேயே அந்த நிலையை எட்டிய புத்தகங்கள் என் அலமாரியில் பல உண்டு என்பதால் நான் வாதாடவில்லை. வரதனின் பாத்திரங்களும் அதே கொள்கையைச் சேர்ந்தவை. ஒரு கூஜாவுக்கு அடி இல்லை. ஒரு கோப்பைக்குப் பிடி உள்பக்கம் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது ஒரு தட்டு. நம் வீடுகளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சகன் இருக்கிறதே, அந்த அளவு. பெயர் 'தனிமை'. விளிம்பிலிருந்து ஆரம்பித்து நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடிகிற ஒரு கவிதை. அதைப் படிக்க ஒன்று தட்டைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் நாம் சுற்ற வேண்டும். தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள், ஆகையால் நான் சுற்றினேன். ஆக, படிக்கக் கூடாத புத்தகமும் சாப்பிடக் கூடாத தட்டும் என் கூடத்தில் வெள்ளை விரிப்புகளின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. இந்த வீட்டில் புத்தகத்துக்கும் தட்டுக்கும் ஏற்கெனவே தகராறு உண்டு என்பதை நான் பரீதாவிடம் சொல்லவில்லை.

தவறு என்று ஒன்று நடந்தது என்றால் அது அழைப்பில்தான். பரீதா மதராஸிலேயே அழகான அட்டை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். இந்த ஊரில் அட்டைக்கு யாரும் வரமாட்டார்கள், குரலுக்குத்தான் வருவார்கள் என்று அனுபவத்தில் எடுத்துச் சொல்லி, கைருன் பீவியை ஏற்பாடு செய்தேன். உங்கள் நிக்காஹுக்கு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதும் அவள்தான். அட்டையில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வழக்கம்போல மடியில் கற்கண்டு கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், "ஞாயித்துக்கெழம இஸ்மாயில் பாய் வூட்டுக்கு அவசியம் வந்து சாமான் பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். மச்சான், கைருன் பீவி கற்கண்டோடு வந்து, வெள்ளை விரித்த கூடத்தில் சாமான் பார்க்கக் கூப்பிட்டால், நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பெண் வீட்டுச் சீர் வந்து இறங்கியிருக்கிறது.

மதராஸிலிருந்து வரவேண்டிய கலைஞர்களும் ஒரு பத்திரிகை விமர்சகரும் வந்த பஸ் பொன்னேரியில் நின்றுபோனது. அவர்கள் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, அங்கேயே கலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஊர் மட்டும் முழுசாக வந்தது. இத்தனை பேர் இந்த வீட்டுக்குள் வந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பெண்கள் ஒவ்வொரு பாத்திரத்தையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் பாதி அந்த விமர்சகருக்கு இருந்தால் அவர் பத்திரிகை விற்கும். பித்தளை ஒன்றுகூட இல்லை, எல்லாம் மண் என்று ஒருத்தி குறைபட்டாள். "மாப்பிள்ளைக்கு அறுவது வயசு. அதுக்கு இன்னா, வெள்ளியா கொண்டாருவாங்க?" என்று இன்னொருத்தி சமாதானம் சொன்னாள். அடியில்லாத கூஜாவைத் தூக்கி அதன் வழியே என்னைப் பார்த்தார்கள். பிடி உள்ளே இருக்கும் கோப்பை, மாப்பிள்ளை அதிகம் டீ குடிக்கக் கூடாது என்பதற்காகப் பெண் வீட்டார் செய்த ஏற்பாடு என்று முடிவாயிற்று. புத்தகங்களைப் பற்றி மட்டும் யாருக்கும் ஆச்சரியமில்லை. மாப்பிள்ளை குணம் விசாரித்துத்தான் சீர் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். வரதனைச் சாமான் ஏற்றிவந்த வேனின் டிரைவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். பரீதாவின் முகவாயைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் உன் சம்மதத்தோடுதானே என்று கைருன் பீவி கேட்க, கண்காட்சியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்த அந்தப் பெண், இரண்டு வருஷமாக வேறு நினைப்பே இல்லை என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டது. அதோடு என் தரப்பு தீர்ந்தது.

எனக்கு மீன் கொண்டுவந்து தரும் தாமோதரன், முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து மனைவி வேலம்மாவோடு படகில் வந்திருந்தான். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வேலம்மா ஒரு கூடை இறால் கொண்டுவந்து சமையல்கட்டில் இறக்கினாள். தாமோதரன் வலைப் புத்தகத்தை விரலால் இழுத்துப் பார்த்து, "இதுல எழுத்துதான் பாய் மாட்டும்" என்றான். பிறகு என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினான். "எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் நீ. கரீமா அக்காவுக்காவது சொன்னியா?" இது கண்காட்சி என்று விளக்கினேன். அவனும், எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்கிற மாதிரி தலையாட்டினான்.

சாமான் பார்க்க வந்தவர்களுக்கு நெய்ச்சோறு போடாமல் அனுப்புவது வழக்கமில்லை. மதராஸ் விருந்தாளிகளுக்காக ஆக்கியது அண்டாவில் அப்படியே இருந்தது. ஆனால் வீட்டுச் சகன்கள் எல்லாம் கரீமா பூட்டிவிட்டுப் போன அலமாரிக்குள். சாவி அவள் இடுப்பில், மண்ணடியில். ஏழு மாதமாக என் வசம் இருப்பது ஒரு பீங்கான் தட்டு. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள், கைருன் பீவி வெள்ளை விரிப்பிலிருந்து 'தனிமை'யைத் தூக்கி, முந்தானையால் துடைத்து, சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, வேலம்மாவையும் தன்னையும் சேர்த்து நாலு பெண்களை உட்கார வைத்துவிட்டாள். வரதன் ஓடிவந்தான். பலகையைக் காட்டினான். "சோறு ஆறுது, டிரைவர் தம்பிக்கும் போடுங்க" என்றார்கள். பரீதா கையைக் கழுவிக்கொண்டு வந்து ஐந்தாவது ஆளாக உட்கார்ந்தாள்.

சகனில் சாப்பிடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அவரவர் பக்கத்தில் விளிம்பிலிருந்து ஆரம்பித்து நடுவை நோக்கி வருவார்கள். கவிதையும் விளிம்பிலிருந்து நடுவுக்குத்தான் போகிறது. ஆகவே சோறு குறையக் குறைய அது வரிசை தவறாமல் வெளியே வந்தது. தட்டில் என்னவோ எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க பாய் என்றார்கள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, தெரிய வந்ததையெல்லாம் படித்தேன். ஏரி கடலில் சேரும் இடத்தில் ஒரு படகு. யாருக்காகவும் இல்லை என்று சொல்லிக்கொண்டு. அதற்கு மேல் கறி இருந்தது. எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வேலம்மா கடைசித் துண்டை எடுத்தாள். காத்திருக்கிறது என்று படித்தேன்.

"காத்திருக்குதுன்னா சொல்லி அனுப்பறதுதானே," என்றாள் கைருன் பீவி. "வாயில்லியா அதுக்கு?"

அது படகு, இலக்கியத்தில் படகு சொல்லி அனுப்பாது என்று நான் விளக்கினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு எலும்பை ஓரமாக வைத்தாள்.

மறுநாள் பரீதாவும் வரதனும் வேனில் புறப்பட்டுப் போய்விட்டார்கள். தட்டில் நெய் இறங்கிவிட்டது, இனிக் கண்காட்சிக்கு ஆகாது என்று அதை என்னிடமே விட்டுவிட்டார்கள். தீர்மானத்தின்படி ஒரு ஆழாக்கு வடித்து அதில் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்று எழுத்துகூட மறையவில்லை. சாப்பிடும்போது படிக்க வேறு புத்தகம் வேண்டியிருக்கவில்லை என்பது ஒரு சௌகரியம்.

நான் இதை எழுதக் காரணம், ஞாயிறு இரவே இறால் லாரி மதராஸுக்குப் போயிருக்கிறது. ஐஸில் வைத்த இறாலோடு என் கல்யாணமும் கெடாமல் வந்து சேர்ந்திருக்கும். தபால் அவ்வளவு வேகமில்லை. ஆகையால் கரீமாவிடம் தெளிவாகச் சொல்லிவிடவும். பெண் இல்லை, சீர் இல்லை, பாத்திரமெல்லாம் திரும்பிப் போய்விட்டது. அவள் பதறி வரவேண்டிய அவசியம் எதுவும் இங்கே இல்லை. பொன்னேரி ரோட்டில் புழுதி அதிகம், ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஆகாது. நான் சௌகரியமாக இருக்கிறேன். வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் அனைவருக்கும் என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் வீட்டுச் சகனில் எப்போதும் இடம் போதாமல் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.

இப்படிக்கு,
முகம்மது இஸ்மாயில்

பி.கு.: மேலே எழுதியதைக் கரீமாவிடம் படித்துக் காட்ட வேண்டாம். அவள் கேட்டால், கல்யாண விஷயம் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, எதற்கும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லவும். அலமாரிச் சாவியை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லவும். இன்று இரண்டு ஆழாக்கு வடித்தேன். பொன்னேரியிலிருந்து கடைசி பஸ் வந்து திரும்பிவிட்டது. பாதிச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.